முதுகெலும்பு வாதம் உள்ளவர்களின் பாத வலி: அறிந்துகொள்ளவும் சமாளிக்கவும் ஒரு வழிகாட்டி

காலையில் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் ஊன்றும் முதல் அடி எப்படி வலிக்கிறது என்பதை, முதுகெலும்பு வாதம் உள்ளவர்களில் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. முதுகு இறுக்கத்தையும் இடுப்பு வலியையும் கெட்டுப்போன தூக்கத்தையும் சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. குதிகால் வலிக்கு நின்று வேலை பார்ப்பதுதான் காரணம், உடல் எடைதான் காரணம் என்று நாமே ஒரு விளக்கம் சொல்லிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு முதலில் வலித்தவை இரண்டு குதிகால்களும்தான். முதுகு வலி இரண்டு ஆண்டுகள் கழித்தே வந்தது. யூரிக் அமிலப் பரிசோதனை, எக்ஸ்ரே, "குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது" என்ற விளக்கம், சிலிக்கான் குஷன், வலி மாத்திரை என்று காலம் ஓடிற்று. குதிகாலும் முதுகும் ஒரே நோயின் இரண்டு இடங்கள் என்று ஒரு வாதநோய் நிபுணர் (ருமட்டாலஜிஸ்ட்) சொல்லக் கேட்டபோது எனக்கு வயது இருபத்தெட்டு. அந்த ஆறு ஆண்டுகள் இன்னொருவருக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே முதுகெலும்பு வாதம் என்று நான் குறிப்பிடுவது ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் நோயையும், எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியாத அதன் தொடக்க நிலையையும்தான். கழுத்து எலும்புத் தேய்மானத்தையும் நம் ஊரில் 'ஸ்பாண்டிலைட்டிஸ்' என்றே சொல்வதால் குழப்பம் ஏற்படுகிறது. அது வேறு, இது வேறு. இது உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறுவதால் வரும் அழற்சி நோய். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கும். முதுகு வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும். ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும். எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுக்கூறுக்கும் இந்த நோய்க்கும் உள்ள நெருக்கமான தொடர்பு 1973-இல் தெரியவந்தது. எனினும் அந்தக் கூறு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை என்பதையும், அது இல்லாமலும் நோய் வரலாம் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

குதிகால் ஏன் வலிக்கிறது

மற்ற மூட்டு வாதங்கள் பலவும் மூட்டின் உட்சவ்வைப் பிடிக்கின்றன. இந்த நோய் முதன்மையாகப் பிடிப்பது, தசைநாணும் நார்ப்பட்டையும் எலும்பில் பதியும் இடங்களை. மருத்துவ அறிக்கைகளில் 'என்தசைட்டிஸ்' என்று எழுதப்பட்டிருப்பது இந்த இடங்களில் வரும் அழற்சியே. உடலில் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம் இருந்தாலும், நாள் முழுவதும் அதிக இழுவையைத் தாங்குபவை குதிகாலில் இரண்டு உள்ளன. ஒன்று, கெண்டைக்கால் தசையின் குதிநாண் குதிகால் எலும்பின் பின்பக்கத்தில் பதியும் இடம். மற்றது, உள்ளங்காலின் நார்ப்பட்டை அதே எலும்பின் அடிப்பக்கத்தில் தொடங்கும் இடம். நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் இவை இரண்டும் இழுபடுகின்றன.

இழுவைக்கும் அழற்சிக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்வது இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை. இதே வகை அழற்சி உண்டாகும்படி வளர்க்கப்பட்ட எலிகளின் பின்னங்கால்கள் தரையில் படாதவாறு தாங்கி வைத்துச் செய்த ஆய்வில், அவற்றின் குதிநாண் அழற்சி கணிசமாக அடங்கியிருந்தது. அதாவது நோய் உள்ளிருந்து நெருப்பு மூட்டுகிறது. பாதத்தின் மேல் விழும் சுமை அதை ஊதிவிடுகிறது. மருந்து மட்டும் எடுத்துக்கொண்டு தேய்ந்த ரப்பர் செருப்பிலேயே நாளெல்லாம் நடப்பவருக்கும், விலை உயர்ந்த காலணி வாங்கிவிட்டு மருந்தை நிறுத்திவிடுபவருக்கும் பாதிப் பயனே கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

குதிகாலைத் தவிர, நடுப்பாதத்துச் சிறு மூட்டுகளும் கணுக்காலும் விரல் மூட்டுகளும் வீங்கலாம். சிலருக்கு ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகத் திரண்டு சிவந்துவிடும். செருப்பு கடித்ததாகவோ அடிபட்டதாகவோ எண்ணி அதைக் கடந்துவிடாதீர்கள். அதுவும் இந்த நோய்க் குடும்பத்தின் தெளிவான அடையாளம்.

சாதாரணக் குதிகால் வலியிலிருந்து பிரித்தறிதல்

குதிகால் வலிக்கும் எல்லோருக்கும் இந்த நோய் இருப்பதில்லை. உள்ளங்கால் நார்ப்பட்டை அளவுக்கு மீறி உழைப்பதால் வரும் சாதாரண வலியும் காலை முதல் அடியில் சுள்ளென்று குத்தும். ஆனால் பத்துப் பதினைந்து அடி நடந்ததும் பெரும்பாலும் தளர்ந்து, நெடுநேரம் நின்ற பிறகு மாலையில் மீண்டும் வரும். அழற்சியால் வரும் வலியில் காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். இரண்டு குதிகால்களும் சேர்ந்தோ மாறி மாறியோ வலிக்கும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும். குதிகாலின் பின்புறம் வீங்கி, காலணியின் விளிம்பு பட்டாலே பொறுக்க முடியாமல் போகும். இத்துடன் நாட்பட்ட முதுகு வலியோ, கண் சிவந்து வெளிச்சம் பார்க்கக் கூசும் உள்விழி அழற்சியோ, சொரியாசிஸோ, நாட்பட்ட குடல் அழற்சியோ, குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோயோ இருக்குமானால், எலும்பு மருத்துவரோடு நின்றுவிடாமல் வாதநோய் நிபுணரை அவசியம் பார்க்க வேண்டும். இந்த நோயை இனங்காண 2009-இல் வெளியான சர்வதேச வகைப்பாட்டு அளவுகோல்களில் குதிகால் அழற்சியும் ஓர் அடையாளமாக இடம்பெற்றிருக்கிறது.

எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளைப் பற்றிய பயம் நம் ஊரில் மிக அதிகம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. வலிக்கு முள்தான் காரணம் என்று அதை வைத்து மட்டும் முடிவு செய்துவிட முடியாது. யூரிக் அமிலம் சற்றுக் கூடியிருப்பதும் அப்படியே. மறுபுறம், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரத்தப் பரிசோதனைகள் இயல்பாக இருந்தாலும் குதிகாலில் அழற்சி இருக்கக்கூடும். ஐயம் இருந்தால் இரத்த ஓட்டத்தையும் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ தெளிவு தரும்.

மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள்

இது சிறிய செய்தி போலத் தோன்றினாலும், நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதையே. வாதநோய் மருத்துவத்தில் வலியும் வீக்கமும் உள்ள மூட்டுகளை எண்ணப் பரவலாகப் பயன்படும் 28 மூட்டுக் கணக்கில் பாதமும் கணுக்காலும் சேர்க்கப்படவில்லை. முதுகெலும்பு வாதத்துக்கெனவே உள்ள, 13 இடங்களை அழுத்திப் பார்க்கும் முறையில் குதிநாண் பதியும் இடம் உண்டு. ஆனால் உள்ளங்கால் நார்ப்பட்டை தொடங்கும் இடம் இல்லை. ஆகவே மருத்துவர் எவ்வளவு அக்கறையோடு பார்த்தாலும், நாம் சொல்லாவிட்டால் உள்ளங்கால் அந்தக் கணக்குக்குள் வராமலே போய்விடலாம். சாக்ஸைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். எனக்கு இயன்முறை சிகிச்சை அளித்தவர் முதல் நாளிலேயே ஒரு பால்பாயிண்ட் பேனாவை என் கையில் கொடுத்து, "எங்கே வலிக்கிறதோ அங்கே நீங்களே புள்ளி வையுங்கள்" என்றார். முதுகு வளையாததால் ஒரு காலை மற்றக் காலின் தொடைமேல் தூக்கி வைக்கவே நான் பட்ட பாட்டை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். குதிகாலின் அடியில் உட்பக்கமாக ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டு நீலப் புள்ளிகள். அவற்றோடு, என் கை பாதத்தை எளிதில் எட்டவில்லை என்பதையும் அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வலியின் அளவைச் சொன்னால் மட்டும் போதாது. எதைச் செய்ய முடியவில்லை என்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் உருவாகி 1994-இல் வெளியான பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு செயல்திறன் படிவம் இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. அதிலுள்ள மூன்று கேள்விகளை நாம் வீட்டிலேயே வாரம் ஒருமுறை நம்மைக் கேட்டுக்கொள்ளலாம்: பிறர் உதவியில்லாமல் சாக்ஸ் போட முடிகிறதா, எதையும் பிடிக்காமல் பத்து நிமிடம் சிரமமின்றி நிற்க முடிகிறதா, கைப்பிடியைப் பற்றாமல் 12 முதல் 15 படிகள் ஏற முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் எளிதென்றால் 0, முடியவே இல்லையென்றால் 10 என்ற கணக்கில் எண் எழுதி வையுங்கள். காலை இறுக்கம் எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும் அதன் பக்கத்தில் குறியுங்கள். மூன்று மாதக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது, மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவு மருத்துவருக்கும் எளிதாகிறது.

காலைப் பொழுதும் வீட்டுத் தரையும்

கண் விழித்ததும் எழுந்து நிற்காதீர்கள். படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழுமாக முப்பது முறை மெதுவாக அசையுங்கள். பிறகு உட்கார்ந்து, ஒரு துண்டை முன்பாதத்தின் அடியில் மாட்டி இரு முனைகளையும் கையால் பிடித்து, விரல்கள் உங்களை நோக்கி வரும்படி மிதமாக இழுத்து இருபது விநாடி நிறுத்துங்கள். குனிய முடியாதவர்களுக்குத் துண்டுதான் கை. இதை மூன்று முறை செய்துவிட்டு, கட்டிலின் அருகிலேயே வைத்திருக்கும் செருப்பில் காலை நுழைத்த பின்னரே எழ வேண்டும்.

மொசைக், கிரானைட், டைல்ஸ் ஆகிய கடினத் தரைகளில் வெறுங்காலோடு நடப்பது நம் வீடுகளில் ஊறிப்போன வழக்கம். குதிகால் அழற்சி உள்ளவருக்கு இது பெரும் துன்பம். வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பைத் தனியாக ஒதுக்கிக்கொண்டால், வெளிச்செருப்பு உள்ளே வருகிறதே என்ற வீட்டாரின் மனக்குறையும் இருக்காது. சமையலறையில் நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு போடலாம். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யலாம். கோயிலுக்குச் செல்லும்போது வெயில் ஏறும் முன் சென்றால் பிராகாரத்துக் கல் சுடாது; பல கோயில்களில் தடித்த சாக்ஸோடு நடக்கத் தடை இருப்பதில்லை, கேட்டுக்கொள்வது நல்லது. குந்தி உட்காரும் கழிவறை குதிநாணை முழு நீளத்துக்கும் இழுப்பதால், மேற்கத்திய வகைக்கு மாற முடியாதவர்கள் அதன்மேல் வைக்கும் நாற்காலியைப் பயன்படுத்தலாம்.

சூடான செங்கல்மேல் எருக்கிலையை வைத்துக் குதிகாலால் மிதிக்கும் வைத்தியத்தை என் பாட்டி எனக்குச் செய்தார். வெப்பம் இறுக்கத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தும் என்பது உண்மை. அதற்குக் கால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரே போதும். செங்கல் சூடு தோலைச் சுட்டுவிடும். எருக்கம்பால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். குதிகால் வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் வெந்நீருக்குப் பதிலாக, பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைப்பதே பலருக்கும் இதமாக இருக்கிறது. வலிக்கும் புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பதை அறவே விட்டுவிடுங்கள்.

செருப்பு

முதலில் பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால், அதை அணிந்து நடக்கும் ஒவ்வோர் அடியும் குதிகாலைத் திருகுகிறது என்று பொருள். புதியதை வாங்கும்போது இரண்டு கைகளாலும் பிடித்து வளைத்துப் பார்க்க வேண்டும்: விரல் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடியக் கூடாது. துணி பிழிவதைப் போல முறுக்கினால் எளிதில் முறுகக் கூடாது. இரு விரல்களுக்கு நடுவே வார் உள்ள மெல்லிய ரப்பர் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் எந்நேரமும் அதைக் கவ்விக்கொண்டே இருப்பதால், உள்ளங்கால் ஓய்வே பெறுவதில்லை. பின்வார் உள்ளதே நல்லது. விரல்கள் வீங்குபவர்கள் முன்பக்கம் அகன்றதை, பாதம் சற்றுப் பருத்திருக்கும் மாலை நேரத்தில், நின்று பார்த்து வாங்க வேண்டும்.

குதிநாண் வலிப்பவர்களுக்குக் குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயர்ந்திருந்தால் இழுவை குறையும். இரு காலுக்கும் ஒரே அளவில் உயர்த்த வேண்டும். வலிக்கும் காலுக்கு மட்டும் உயர்த்தினால் இடுப்பு சாய்ந்து முதுகு வலி கூடும். இதற்காகத் தனிக் காலணி வாங்க வசதியில்லாதவர்கள், நல்ல செருப்பு ஒன்றைத் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் கெட்டியான ரப்பரைச் சரிவாகச் சீவி அடியில் ஒட்டித் தருவார். என் செருப்புக்கு அப்படிச் செய்தவர், ஒட்டிய பிறகு இரண்டு செருப்புகளையும் பலகைமேல் அருகருகே நிறுத்தி, கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்து, ஒரு பக்கத்தை மட்டும் மேலும் மயிரிழை சீவினார். அந்தக் கவனத்துக்கு நான் இன்றும் நன்றியுடையவன்.

நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு, தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைப் புண்படாமல் காப்பதற்காக வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் உடன் உழைத்தவர்களும் கொண்டுவந்த முயற்சிகளில் வேரூன்றியது. உள்ளங்கால் வலிக்கு அது மிகவும் இதமானது. ஆனால் அந்த ரப்பர் நாளடைவில் அமுங்கிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் மீண்டு எழவில்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. நடுப்பாதம் இறுகியவர்களுக்கு மெத்தென்ற அடியைவிட, முன்பக்கம் சற்று மேல்நோக்கி வளைந்த கெட்டியான அடியே நடையை எளிதாக்கும். உள்ளே வைக்கும் தாங்கிகளைக் கடையில் கிடைப்பதைக் கொண்டு ஆறு வாரம் சோதித்துவிட்டு, பலன் போதாவிட்டால் அளவெடுத்துச் செய்துகொள்ளலாம்.

பயிற்சி

ஓய்வெடுத்தால் குணமாகும் என்று படுத்துவிட்டால் முதுகு இறுகும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடினால் குதிகால் வீங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே செல்லும் வழியைத்தான் நாம் பழக வேண்டும். வீக்கம் அதிகமான நாட்களில் நடைப்பயிற்சிக்குப் பதிலாக நீச்சலோ, குதிகாலை அல்லாமல் பாதத்தின் நடுப்பகுதியை மிதியில் வைத்து ஓட்டும் சைக்கிளோ போதும். வீக்கம் தணிந்ததும் கெண்டைக்காலை வலுப்படுத்தத் தொடங்கலாம். சமையல் மேடையையோ சுவரையோ பிடித்துக்கொண்டு, சமதரையில் இரு குதிகால்களையும் சற்றே உயர்த்தி முப்பது விநாடி அப்படியே நிற்க வேண்டும்; ஒரு நிமிடம் இளைப்பாறி, நான்கு முறை செய்யலாம். இரண்டு வாரங்களில் இது எளிதானால், மெதுவாக ஏறி அதைவிட மெதுவாக இறங்கும் முறையில் பத்து முறை, பிறகு பதினைந்து முறை என்று கூட்டலாம்.

படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைப் படிக்குக் கீழே தொங்கவிடும் பயிற்சியை இணையக் காணொளிகளில் பலரும் காட்டுகிறார்கள். குதிநாணின் நடுப்பகுதியில் வலி உள்ளவர்களுக்கு அது உகந்தது; எலும்பில் பதியும் இடத்தில் அழற்சி உள்ள நமக்கு அது நாணை எலும்போடு அழுத்தி நசுக்கும். ஆகவே சமதரைக்குக் கீழே குதிகால் இறங்கக் கூடாது. பயிற்சியின்போது வலி பத்துக்கு நான்கைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியும் இருந்தால் அளவு சரி; இல்லையென்றால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறையாவது சில நிமிடம் உட்கார வேண்டும். ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு இது கருணையால் கிடைப்பதன்று, சட்டப்படியான உரிமை: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

மருந்தும் ஊசியும்

வலியையும் அழற்சியையும் தணிக்கும் மாத்திரைகளே முதல் படி. ஒன்று உதவாவிட்டால் வேறொன்றைச் சில வாரம் முயன்று பார்ப்பது வழக்கம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இவற்றைக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சல்பாசலசின் என்ற மருந்து கணுக்கால், விரல் மூட்டு வீக்கத்துக்கு உதவலாம், முதுகுக்கு உதவுவதில்லை. இவற்றுக்கும் அடங்காத நிலையில், அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள், இன்டர்லூக்கின்-17 தடுப்பு மருந்துகள் போன்றவை முதுகு, குதிகால் இரண்டின் அழற்சியையும் அடக்கக்கூடியவை. இவற்றைத் தொடங்கும் முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று சோதிப்பது நம் நாட்டில் இன்றியமையாதது. பலன் உண்டா என்று முடிவு செய்யப் பன்னிரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும்.

குதிநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் நாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. யாரேனும் குதிகாலின் பின்புறம் ஊசி போடலாம் என்றால், எந்த இடத்தில், அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே போடுவார்களா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-இலேயே இவற்றுக்குக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ வேறு மருத்துவரிடம் செல்லும்போது, 'எனக்குக் குதிநாண் அழற்சி இருக்கிறது' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதுகு வளையாதவருக்குத் தன் பாதம் தொலைவில் இருக்கிறது. நகம் வெட்டுவதும் குதிகாலைத் தேய்த்துக் கழுவுவதும் விரலிடுக்கைத் துடைப்பதும் தடைப்படும்போது பித்தவெடிப்பும் சேற்றுப்புண்ணும் வருகின்றன. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு அந்த வெடிப்பே தொற்று நுழையும் வாசல். நீண்ட கைப்பிடி கொண்ட பிரஷ், காலணிக்குள் குதிகாலை நுழைக்க உதவும் நீளமான ஷூ கொம்பு (ஷூ ஹார்ன்), அடிப்புறத்தைக் காட்ட ஒரு கைக்கண்ணாடி ஆகியவை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். நகம் வெட்ட வீட்டில் ஒருவரைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் சில உண்டு. குதிகாலின் பின்னால் 'பட்' என்ற சத்தத்தோடு வலித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். ஒரே மூட்டு காய்ச்சலோடு சிவந்து வீங்கினால் அது தொற்றாக இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடானால் இரத்தக் கட்டியை நினைக்க வேண்டும். பாதம் தொய்ந்து விழுவதும், உட்காரும் பகுதி மரத்துப்போவதும், சிறுநீர் கட்டுப்பாடு தவறுவதும் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளங்கள். இவற்றுக்கு இணையாக நான் சொல்ல வேண்டியது கீழே விழுவதைப் பற்றி: இறுகி ஒன்றாகிப்போன முதுகெலும்பு, சாதாரணமாகத் தடுக்கி விழுந்தாலும் முறியக்கூடியது. வலிக்கும் பாதத்தைத் தாங்கித் தாங்கி நடப்பவர் தடுக்கி விழுவது எளிது. விழுந்த பிறகு கழுத்திலோ முதுகிலோ புதிதாக வலி வந்தால், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்பாக இன்றே, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியும், கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் இரவில் எரியும் சிறு விளக்கும் பொருத்திவிடுங்கள்.